யாரும் மறிக்கவில்லை என்றால் சுதந்திரம்தானா? பேர்மிற் காணியில் தொடங்கும் ஒரு கேள்வி

#1 கனகராயன்

உயர்தர அரசியல் விஞ்ஞானத்தில் சுதந்திரம் பற்றிய பாடம் இரண்டு பெட்டியோடு முடிந்துவிடுகிறது. எதிர்மறைச் சுதந்திரம்: மற்றவர் என்னைத் தடுக்காமல் இருப்பது. நேர்மறைச் சுதந்திரம்: என்னை நானே ஆளுவது. ஐசாயா பேர்லின் 1958 இல் ஒக்ஸ்போர்ட்டில் ஆற்றிய உரையில் பிரித்துக் காட்டியது. பிள்ளைகள் இரண்டு பந்தி எழுதிப் புள்ளியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் எங்கட பக்கத்துக் காணிப் பிரச்சினை ஒன்றை அந்தப் பெட்டிகளுக்குள் போட்டுப் பாருங்கோ, அடங்காது.

1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பேர்மிற், அதாவது அரச காணியை நிபந்தனையோடு வைத்திருக்கும் அனுமதிப் பத்திரம், கிடைத்த ஒரு கமக்காரரை எடுங்கோ. விதைக்கிறார், வெட்டுகிறார், வீடு கட்டுகிறார், தென்னை வைக்கிறார். ஒருவரும் வந்து மறிக்கவில்லை. ஆனால் பிரதேச செயலாளரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் காணியைக் கைமாற்ற முடியாது. நிபந்தனை மீறப்பட்டது என்று கண்டால் பேர்மிற்றை இரத்துச் செய்யும் நடவடிக்கை தொடங்கலாம். அந்தக் கதிரையில் இருப்பவர் நல்லவர், கேட்டவுடன் ஒப்பமிடுகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கோ. இந்தக் கமக்காரர் சுதந்திரமானவரா?

இது புதுக் கேள்வி இல்லை. 1651 இல் தோமஸ் ஹொப்ஸ், லூக்கா என்ற இத்தாலிய நகரைக் காட்டி எழுதினார்: கோபுரத்தில் சுதந்திரம் என்று பெரிதாகப் பொறித்திருக்கிறார்கள், அதற்காக லூக்காக்காரன் கொன்ஸ்தாந்திநோபிளில் சுல்தானுக்குக் கீழ் இருப்பவனைவிடச் சுதந்திரமானவன் ஆகிவிடமாட்டான். சட்டம் இரண்டு இடத்திலும் ஆளைக் கட்டத்தானே செய்கிறது. ஐந்து வருடம் கழித்து ஜேம்ஸ் ஹரிங்டன் பதில் சொன்னார்: சுல்தானின் மிகப் பெரிய அதிகாரியான பாஷாவும் தன் காணிக்கு மட்டுமில்லை, தன் தலைக்கும் எசமான் விரும்பும்வரை குடியிருப்பவன்தான், லூக்காவில் துண்டுக் காணி உள்ள ஏழை இரண்டுக்கும் சொந்தக்காரன். பேர்மிற் காணிக்கும் முழு உரிமையுள்ள உறுதிக் காணிக்கும் உள்ள தூரத்தை இதைவிடச் சுருக்கமாக ஒருவரும் சொல்லவில்லை என்பது என் எண்ணம்.

#2 முத்தையன்கட்டு

கேள்வி நல்லது. ஆனால் "சுதந்திரமானவரா" என்று மொட்டையாகக் கேட்டால் விவாதம் ஓடிக்கொண்டே இருக்கும். ஜெரால்ட் மக்கலம் 1967 இல் சொன்ன முறையை முதலில் கையில் எடுப்பம். சுதந்திரம் பற்றிய எந்தக் கூற்றிலும் மூன்று இடம் இருக்கும்: யார், எந்தத் தடையிலிருந்து, எதைச் செய்ய அல்லது எதுவாக இருக்க. மூன்றையும் நிரப்பாமல் பேசினால் இரண்டு பக்கமும் வேறு வேறு விஷயத்தைப் பேசிக்கொண்டிருக்கும், ஆளுக்கு ஆள் சரியாகவும் இருக்கும்.

செட்டிகுளம் மெனிக்பாம் முகாமை வைத்து நிரப்பிப் பாருங்கோ. 2009 இல் அங்கே இருந்த மக்களுக்குச் சாப்பாடு, தண்ணி, மருந்து கொடுக்கப்படுகிறது, பிறகு என்ன சுதந்திரக் குறை என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் இரண்டாவது இடத்தில் "பசியிலிருந்து" என்று இருக்கிறது. மூன்றாவது இடம் வெறுமை. மக்களின் குறை வேறு: இந்தக் குடும்பம், முட்கம்பியிலிருந்தும் காவலிலிருந்தும், சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்வர. அந்த வருடம் டிசம்பர் வரைக்கும் அதற்கு விடவில்லை. முதல் பதில் முழுக்க உண்மையாக இருந்தாலும் இரண்டாவது குறையைத் தொடவே தொடாது.

பிழை அதிகம் நடப்பது இரண்டாவது இடத்தில். ஆள் கையால் போட்ட தடையை மட்டும் எழுதுவதா, காசில்லாமையையும் எழுதுவதா, சட்டத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு அதிகாரத்தையும் எழுதுவதா? கனகராயன் அண்ணையின் பேர்மிற் கேள்வி அந்த மூன்றாவது வகை.

#3 நெடுங்கேணியாள்

தூங்கிக்கொண்டிருக்கும் அதிகாரத்துக்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. தேசவழமை, வடமாகாணத் தமிழரின் மரபுவழிச் சட்டம்.

1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், பிரிவு 6. பெயரில்தான் யாழ்ப்பாணம், வடமாகாணத்தில் நிலையான வதிவிடம் உள்ள தமிழர் எல்லோருக்கும் பொருந்தும், முல்லைத்தீவும் வவுனியாவும் அதற்குள்தான். திருமணமான பெண் தன் நகையை, மாட்டை, அசையும் சொத்து எதையும் தன்பாட்டில் விற்கலாம். சீதனமாக வந்த காணியை, தாய் வழி வந்த காணியை விற்கவோ நன்கொடை எழுதவோ கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். அதனால்தான் நொத்தாரிசு உறுதி முடிக்கும்போது கணவரையும் ஒரு தரப்பாகச் சேர்த்து ஒப்பம் வாங்குகிறார். கணவர் தன் தனிச் சொத்தை விற்க மனைவியின் சம்மதம் தேவையில்லை. பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட பெண்களுக்கு 1923 ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துக் கட்டளைச் சட்டத்தோடு இந்தத் தேவை போய்விட்டது. தேசவழமைக்கு உட்பட்டவர்களை அந்தச் சட்டம் விலக்கிவைத்தது.

"என்ர மனுசன் ஒருநாளும் மறுக்கமாட்டார்" என்று சொல்லும் பெண்கள் உண்மையைத்தான் சொல்கிறார்கள். பிலிப் பெற்றிற் 1997 இல் விரிவாக எழுதியதும் குவென்ரின் ஸ்கின்னர் வரலாற்றில் தேடிக் காட்டியதும் இந்த இடத்தைத்தான். ரோமச் சட்டத்தில் அடிமை என்றால் அடிபடுகிறவன் என்று பொருள் இல்லை, இன்னொருவரின் அதிகாரத்துக்குள் இருப்பவன். எசமான் நல்லவனாக இருந்து ஒருநாளும் அதட்டாவிட்டாலும் அவன் அடிமைதான். குறுக்கீடு இல்லை, ஆனால் குறுக்கிடும் வல்லமை தலைக்கு மேல் நிற்கிறது. அது நிற்கும்வரை அந்த நல்ல மனுசனின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், நேரம் பார்த்துக் கேட்க வேண்டும், கேட்கப்போவதைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். பேர்லினின் முதல் பெட்டிக்கு இந்தச் சுருக்கம் கண்ணில் படாது, ஏனென்றால் ஒருவரும் எதையும் தடுக்கவில்லை.

கணவர் காணாமலாக்கப்பட்ட குடும்பங்களில் இது அப்படியே கழுத்தைப் பிடிக்கிறது. சம்மதம் தர ஆள் இல்லை. இறந்தார் என்று பதியவும் மனம் இல்லை, ஆதாரமும் இல்லை. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பிரிவு 8 இன் கீழ் மாவட்ட நீதிமன்றத்துக்கு விண்ணப்பம்: கணவர் இருக்குமிடம் தெரியாது என்றால், அல்லது சம்மதம் நியாயமில்லாமல் மறுக்கப்படுகிறது என்றால், அது இல்லாமலே கைமாற்ற நீதிமன்றம் அனுமதிக்கலாம். மற்றது, 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இறப்புப் பதிவுச் சட்டத்துக்கு 2016 இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி காணாமற்போனவருக்கான சான்றிதழ் எடுப்பது. அது இறப்பு என்று ஒப்புக்கொள்ளாமலே சொத்து விடயங்களைக் கையாள உதவுவதற்கு வந்தது. ஆனால் பாருங்கோ: தன் காணிக்குத் தான் போய் அனுமதி கேட்கும் நிலை மாறவில்லை, கேட்கும் ஆள் மட்டும் மாறுகிறார்.

#4 அக்கராயன்

இரண்டு பேரும் எழுதியதை மதிக்கிறேன், ஆனால் இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. "மேலே அதிகாரம் நின்றாலே சுதந்திரம் இல்லை" என்றால் உலகத்தில் ஒருவருக்கும் சுதந்திரம் இல்லை. பொலிஸ்காரரிடம் அதிகாரம் இருக்கிறது, வைத்தியரிடம் இருக்கிறது, வாய்க்கால் திறப்பவரிடம் இருக்கிறது.

பேர்மிற் நிபந்தனை எதற்கு வந்தது என்பதையும் மறக்காதீங்கோ. காணியில்லாத கமக்காரருக்குக் கொடுத்த காணியைக் கடன்காரரும் வியாபாரியும் மலிவு விலைக்கு வாங்கிச் சேர்க்காமல் இருக்கத்தான் கைமாற்றத் தடை. அதை எடுத்துவிட்டால் ஒரு மோசமான போகம் போதும், ஒப்பம் வைத்துவிட்டு அதே வயலில் கூலிக்கு நிற்க வேண்டி வரும். விற்கும் சுதந்திரம் வந்த அன்றைக்கே வேறொரு ஆளுக்குக் கீழ்ப்படும் நிலையும் வரலாம். உங்கட பெற்றிற் அளவுகோலிலேயே பார்த்தால் அந்தத் தடை சுதந்திரத்தைக் காக்கிறது.

#5 கனகராயன்

அக்கராயன் அண்ணையின் கேள்விக்குப் பதில், ஒவ்வொரு போகத்துக்கும் விதைப்பைத் தீர்மானிக்கும் போகக் கூட்டத்திலேயே இருக்கிறது.

இரணைமடுச் சிறுபோகத்தை எடுங்கோ. மாவட்ட செயலாளர் தலைமையில் கூட்டம். முதலில் குளத்தில் நிற்கும் தண்ணியைப் பார்த்து எத்தனை ஏக்கர் செய்யலாம் என்று முடிவாகும். பிறகு அந்த ஏக்கர் கமக்கார அமைப்பு வாரியாக, வாய்க்கால் வாரியாகப் பங்கிடப்படும். விதைப்புக்குக் கடைசி நாள், தண்ணி திறக்கும் நாள், மூடும் நாள், எத்தனை மாத நெல், மாடு கட்ட வேண்டிய திகதி எல்லாம் அங்கேயே தீர்மானம். மீறி விதைத்தவருக்கு நடவடிக்கை உண்டு. இது கடுமையான கட்டுப்பாடு: உறுதிக் காணி வைத்திருப்பவரும் தன் வயல் முழுவதையும் விதைக்க முடியாது. ஆனாலும் இதை யாரும் அடிமைத்தனம் என்று உணர்வதில்லை. காரணம், கட்டுப்பாடு தன்னிச்சையானது இல்லை. கட்டுப்படுகிறவர்கள் அந்த மண்டபத்தில் இருக்கிறார்கள், எழும்பிக் கேட்கலாம், கணக்கைப் பார்க்கலாம், எல்லோருக்கும் ஒரே திகதி. பெற்றிற் சொல்லும் அளவுகோல் அதிகாரம் இருக்கிறதா என்பது இல்லை; அந்த அதிகாரம் அதற்கு உட்படுபவர்களின் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பது.

அதே கூட்டம் எங்கே பழுதாகிறது என்று பார்த்தால் அளவுகோல் இன்னும் துலக்கமாகும். குத்தகைக்குச் செய்பவர் நட்டத்தைச் சுமக்கிறார், ஆனால் பதிவு காணிக்காரர் பெயரில். வயலைக் கொண்டு நடத்தும் பெண்ணின் பெயர் இடாப்பில் இல்லை, அவருடைய அண்ணனோ மகனோ கை உயர்த்துகிறார். தலைவாய்க்கால்காரர் பங்கை மீறிக் கூட்டி விதைத்தால் கடைவாய்க்காலுக்குத் தண்ணி பிந்துகிறது. பிந்தி விதைத்தவரின் பயிர் குடலைப் பருவத்தில் நிற்கும்போது தண்ணி மூடும் நாள் வந்துவிடுகிறது. அப்போது அவர் யாரோ ஒருவரின் தயவில் நிற்கிறார். ஒரே கூட்டம், ஒரே தீர்மானம், ஒருவருக்குச் சுயாட்சி, இன்னொருவருக்குக் கீழ்ப்படிவு.

ஆகவே பேர்மிற்றில் நான் குறை சொல்வது கைமாற்றத் தடையை இல்லை. எந்தக் காரணத்துக்குச் சம்மதம் மறுக்கலாம், எத்தனை நாளுக்குள் பதில் வர வேண்டும் என்ற இடம் திறந்து கிடப்பதைத்தான்.

#6 பூநகரிக்கரை

சட்டப் பக்கத்தை யாரும் தொடவில்லை, தொடுகிறேன். வெஸ்லி ஹோபீல்ட் 1913 இல் போட்ட பிரிப்பு இல்லாமல் அரசியலமைப்பின் சுதந்திரங்களை வாசித்தால் ஏமாந்துவிடுவோம். உரிமை என்ற ஒரு பெயருக்குள் நான்கு சாமான் இருக்கிறது. செய்சுதந்திரம்: நான் அதைச் செய்தால் குற்றமில்லை. கோரிக்கை: மற்றவருக்கு என்மேல் ஒரு கடமை உண்டு. அதிகாரம்: சட்ட நிலையை நான் மாற்றலாம். காப்பு: மற்றவர் என் சட்ட நிலையை மாற்ற முடியாது.

கடற்படை நிலைகொண்டிருந்த இரணைதீவை எடுங்கோ. 1992 இல் இடம்பெயர்ந்த மக்கள் 2018 ஏப்ரல் 23 அன்று தாங்களே படகில் போய்க் கரையேறினார்கள். உறுப்புரை 14(1)(ஏ) இலங்கைக்குள் நடமாடவும் வதிவிடத்தைத் தெரியவும் சுதந்திரம் தருகிறது. அது வெறும் செய்சுதந்திரம் என்றால், கரையேறியவர் குற்றம் செய்யவில்லை, அவ்வளவுதான். வழியை மறித்து நிற்பவரும் ஒரு கடமையையும் மீறவில்லை. கடமையைக் கொண்டுவருவது உறுப்புரை 4(ஈ): அரசின் எல்லா அங்கங்களும் அடிப்படை உரிமைகளை மதித்துப் பாதுகாத்து முன்னேற்ற வேண்டும். வழக்குப் போடும் அதிகாரத்தைத் தருவது 17 உம் 126 உம்.

எங்கட அரசியலமைப்பு மெலிவது நான்காவதில். காப்பில் மூன்று ஓட்டை. உறுப்புரை 16(1): 1978 க்கு முந்திய சட்டம் அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் செல்லும். நெடுங்கேணியாள் சொன்ன 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சமத்துவத்தைக் காட்டித் தட்ட முடியாமல் இருப்பது இதனால்தான். உறுப்புரை 80(3): சபாநாயகர் சான்றுரைத்த பிறகு எந்த நீதிமன்றமும் சட்டத்தின் செல்லுபடியைக் கேட்க முடியாது, சட்டமூலமாக ஒழுங்குப் பத்திரத்தில் வந்து ஒரு வாரத்துக்குள் உயர்நீதிமன்றம் போக வேண்டும். ஒரு வாரத்துக்குள் ஒட்டுசுட்டானிலிருந்து ஒருவர் சட்டமூலத்தை வாசித்து, சட்டத்தரணி பிடித்து, கொழும்பில் மனுப் போடுவது எப்படி? மூன்றாவது, உறுப்புரை 15(7): தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலியவற்றுக்காகச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம், அவசரகால ஒழுங்குவிதியும் அங்கே சட்டம்தான். இந்தியாவின் உறுப்புரை 19 இல் மட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எங்கட 15(7) இல் அந்தச் சொல் இல்லை. 2015 இல் சேர்த்த தகவல் உரிமைக்கான 14அ வில் மட்டும் ஜனநாயக சமூகத்தில் அவசியமான மட்டுப்பாடு என்று வருகிறது. உயர்நீதிமன்றம் சில வழக்குகளில் அளவுப்பொருத்தத்தை, அதாவது மட்டுப்பாடு தேவைக்கு மிஞ்சிப் போகிறதா என்பதை, தானாகப் பார்த்திருக்கிறது, ஆனால் அது நீதியரசரின் கையில் இருக்கிறது, எழுத்தில் இல்லை.

நம்பிக்கை கொள்ளும் சுதந்திரமான உறுப்புரை 10 ஐ 15 தொடாது, மாற்றுவதற்குச் சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும். ஆனால் கூடி வழிபடுவது 14(1) இல் இருக்கிறது, மட்டுப்படுத்தலாம். 2024 மார்ச்சில் வெடுக்குநாறிமலைக் கோயிலில் சிவராத்திரி வழிபாட்டின்போது 8 பேர் கைதானதும், பிறகு வவுனியா நீதவான் நீதிமன்றம் விடுவித்ததும், இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்த விஷயம்.

#7 முத்தையன்கட்டு

பேர்லினை நாங்கள் கொஞ்சம் கெதியாகத் தள்ளிவிட்டோம். அவர் நேர்மறைச் சுதந்திரத்துக்குப் பயந்தது ஏன் என்பது வன்னியில் வாழ்ந்த சமூகத்துக்கு விளங்க வேண்டும். "உன் உண்மையான நலன் எது என்று எனக்குத் தெரியும், அதற்காக உன்னை இப்போது கட்டுப்படுத்துகிறேன், இதுவே உன் சுதந்திரம்" என்று ஒரு அமைப்பு சொல்லத் தொடங்கினால் எதை வைத்து மறுப்பது? யுத்த காலத்தில் வன்னியை விட்டு வெளியே போக இயக்கத்தின் பாஸ் வேண்டும். ஓமந்தையில் அந்தப் பக்கம் அரசின் சோதனையும் அனுமதியும். ஒரு பக்கம் மக்களின் விடுதலை என்றார்கள், மறுபக்கம் மக்களின் பாதுகாப்பு என்றார்கள். வெளியே போக நின்ற ஆளுக்கு இரண்டு பக்கத்திலும் ஒரே நிலை: காரணம் கேட்க முடியாது, மேன்முறையீடு இல்லை. கூட்டுச் சுதந்திரமும் தனியாளின் சுதந்திரமும் ஒன்றாகவே போகும் என்று யாரும் எழுதினால் நான் நம்பமாட்டேன்.

இன்னொருவரின் அதிகாரத்துக்குக் கீழ் நில்லாமை என்ற அளவுகோல் பேர்லினின் அந்த எச்சரிக்கையைச் சேர்த்துக்கொண்டால்தான் நிற்கும். எங்கட ஆட்கள் ஆளுகிறார்கள் என்பது போதாது. எங்கட ஆட்களையும் கேள்வி கேட்கும் வழி இருக்க வேண்டும்.

#8 நெடுங்கேணியாள்

ஓம், அதை ஒத்துக்கொள்கிறேன்.

பூநகரிக்கரை 126 ஐச் சொன்னபடியால் நடைமுறையையும் எழுதிவிடுகிறேன், பிழைப்பது அங்கேதான். மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர்நீதிமன்றத்தில் மனு இருக்க வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் பிரிவு 13 படி விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்கு வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, கொழும்பு போகத் தேவையில்லை. முறைப்பாட்டு இலக்கமும் திகதியும் உள்ள கடிதத்தைக் கையோடு வாங்குங்கோ. விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்ததற்கு ஆதாரம் இல்லாவிட்டால் காலம் பிந்திய மனு என்று ஆட்சேபணை வரும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. 126(2) மீறல் நடந்ததை மட்டும் சொல்லவில்லை, நடக்கவிருப்பதையும் சொல்கிறது. தலைக்கு மேல் நிற்கும் அதிகாரத்தைச் சட்டம் கொஞ்சமாவது காணும் இடம் அது.

பயங்கரவாதத் தடைச் சட்டம் இதன் எதிர்ப்பக்கம். 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம், பெயரிலேயே தற்காலிக ஏற்பாடுகள் என்று இருக்கிறது, இன்னும் நிற்கிறது. பிரிவு 9 இன் கீழ் அமைச்சரின் கட்டளையில் மூன்று மூன்று மாதமாகத் தடுத்து வைக்கலாம். 18 மாதமாக இருந்த உச்சத்தை 2022 திருத்தம் 12 மாதமாக்கியது. கைதாகாத ஆளும் அந்தச் சட்டத்துக்குக் கீழேதான் பேசுகிறார், எழுதுகிறார், நினைவேந்தலுக்குப் போகிறார். எத்தனை பேர் கைதானார்கள் என்று எண்ணினால் மட்டும் அந்தச் சட்டம் எடுத்த சுதந்திரத்தின் அளவு தெரியாது.

#9 அக்கராயன்

126 பற்றிச் சொன்னீர்கள், அது நிறைவேற்று அல்லது நிருவாக நடவடிக்கைக்கு மட்டும். அரசு இல்லாத எசமானை என்ன செய்வது? நுண்கடனைப் பாருங்கோ. ஒப்பந்தம் சுயவிருப்பில் கையெழுத்தானது, சட்டப்படி தடை எதுவும் இல்லை. குழுப் பிணை என்றபடியால் ஒருவர் கட்டத் தவறினால் மற்றப் பெண்கள் அவரை நெருக்க வேண்டும். தவணை நாளில் வசூலிப்பவர் வீட்டுவாசலில் வந்து இருந்தால், காசு வரும்வரை அந்த வீட்டில் யார் எங்கே போவது என்பதைத் தீர்மானிப்பது அவர். 2016 ஆம் ஆண்டின் நுண்நிதிச் சட்டம் வைப்புப் பெறும் நிறுவனங்களை மையமாக வைத்தது. கடன் மட்டும் கொடுப்பவர் பெரும்பாலும் அதற்கு வெளியே. அரசைக் கட்டுவதோடு நிற்கும் சுதந்திரக் கோட்பாடு வன்னிப் பெண்களுக்குப் பாதிதான் உதவும். இதில் நான் நெடுங்கேணியாளின் பக்கம்.

#10 கனகராயன்

அப்படியென்றால் பேர்மிற் கேள்விக்கு வேலைக்குரிய பதில் ஒன்றைப் போடலாம். தடை இருக்கட்டும், தன்னிச்சையை எடுக்க வேண்டும். சம்மதக் கோரிக்கை கொடுத்தவுடன் திகதியிட்ட பற்றுச்சீட்டு. மறுக்கக்கூடிய காரணங்கள் சட்டத்திலேயே மூடிய பட்டியலாக. குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில், வராவிட்டால் சம்மதம் கிடைத்ததாகக் கொள்ளல். மேன்முறையீடு அதே கந்தோரின் மேலாளிடம் இல்லாமல் வெளியே. தேசவழமைப் பிரிவு 6 க்கு இந்த ஒட்டு வேலை தேவையே இல்லை, அது நீங்க வேண்டும். இரண்டுக்கும் அரசியலமைப்பைத் திருத்தத் தேவையில்லை, அந்தந்தச் சட்டத்தைத் திருத்தினால் போதும்.

அது வரும்வரை கையில் இருப்பது தகவல் உரிமைச் சட்டம், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம். தகவல் கோரிக்கையைப் பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் கொடுத்து ஏற்புச் சீட்டு வாங்குங்கோ; 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு, அதன்பிறகு இரண்டு மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு. இதில் பிரிவு 35 ஐத் தனியாக எழுதிக் கேளுங்கோ: ஒரு பிரசையைப் பாதிக்கும் முடிவுக்கான காரணத்தை, எழுத்தில் கேட்டால் அலுவலர் சொல்ல வேண்டும். "ஏன் மறுத்தீர்கள்" என்று மட்டும் எழுதாமல் கோப்பு இலக்கம், சம்மதக் கோரிக்கை கொடுத்த திகதி, மறுத்த கடிதத்தின் திகதி மூன்றையும் போடுங்கோ. இல்லாவிட்டால் "கோப்பு கிடைக்கவில்லை" என்று ஒரு வரியில் பதில் வரும், அதற்கு மேன்முறையீடு எழுதுவது கஷ்டம்.